உம்க்கலோஆபோ: ஒரு வேரும் அதன் சொந்தக்காரர்களும்

நான் நாள்பட்ட இருமல்காரன். ஜெர்மனியிலிருந்து வந்த நண்பர் ஒரு சொட்டுமருந்துப் புட்டியைக் கொடுத்து, "மூலிகைதான், பயப்படாம குடிங்க" என்றார். மேலே 'உம்க்கலோஆபோ' என்று எழுதியிருந்தது. இது ஜெர்மன் சொல் மாதிரியே இல்லையே என்று தேடப்போனதன் விளைவு இந்தக் கட்டுரை.

அது எந்தச் செடியின் பெயரும் அல்ல. ஜுலு மொழியில் காய்ச்சல்-இருமலையும் நெஞ்சுவலியையும் குறிக்கும் இரண்டு சொற்களை, வெள்ளைக்காரர் ஒருவர் தன் காதில் விழுந்தபடி ஒட்டவைத்த வியாபாரப் பெயர் என்கிறார்கள். செடியின் பெயர் பெலர்கோனியம் சிடாய்டிஸ். தொட்டியில் வளர்க்கிறோமே ஜெரேனியம், அதற்கு உறவு. லெசோத்தோவிலும் தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் புல்வெளிகளிலும் வளர்வது. பூ ஏறக்குறையக் கறுப்பு. கிழங்குவேரை வெட்டினால் உள்ளே சிவப்பு. சோத்தோ, சோசா, ஜுலு மக்கள் அந்த வேரைக் கஷாயம் வைத்து இருமலுக்கும் நெஞ்சுச்சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் குடித்துவந்தார்கள்.

1897இல் காசநோயோடு தென்னாப்பிரிக்கா போன சார்லஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயருக்கு, பாசுட்டோலாந்தில் (இன்றைய லெசோத்தோ) ஒரு நாட்டு வைத்தியர் இந்தக் கஷாயத்தைக் கொடுத்தார். பிழைத்து ஊர் திரும்பிய ஸ்டீவன்ஸ், செடி இன்னதென்று சொல்லாமலேயே காசநோய் மருந்தென விற்றார். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909இல் அதை மோசடி மருந்துகளின் வரிசையில் வைத்து நூல் வெளியிட்டது. அவர் வழக்குப் போட்டுத் தோற்றார். மருத்துவ அதிகாரமும் வியாபாரமும் மோதிக்கொண்ட அந்த வழக்கில், கஷாயம் காய்ச்சிக் கொடுத்தவர் ஒரு தரப்பே அல்ல. செடி எதுவென்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் உறுதிசெய்தது 1970களில்தான். அதுவரை 'ரகசியம்' என்றார்கள். யாருக்கு ரகசியம்? வேர் தோண்டுகிறவங்களுக்கு அது எந்தக் காலத்துல ரகசியமா இருந்தது?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழங்குடி அறிவு என்றதுமே உருகிப்போகிற தோழர்கள் நம்மிடையே உண்டு. இந்த வேர் காசநோயைத் தீர்க்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. மூச்சுக்குழல் அழற்சியில் ஓரளவு உதவக்கூடும், ஆனால் சான்றுகள் பலவீனம் என்பதே ஆய்வுத் தொகுப்புகளின் முடிவு. நம் கேள்வி வேரின் மகிமை பற்றியதல்ல, உரிமை பற்றியது.

இந்த வேரிலிருந்து சாறு எடுக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2007இல் ஜெர்மன் நிறுவனமான ஷ்வாபேக்குக் காப்புரிமை தந்தது. கிழக்கு கேப்பின் அலிஸ் ஊர்ச் சமூகமும் ஆப்பிரிக்க, சுவிஸ் அமைப்புகளும் எதிர்த்தன. 2010 ஜனவரியில் மியூனிக்கில் காப்புரிமை ரத்தானது. கொண்டாடினோம், சரி. ஆனால் ரத்துக்கான காரணத்தைப் படிக்க வேண்டும்: அந்த முறையில் கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்க புதுமை போதவில்லை, அவ்வளவுதான். அறிவு யாருடையது என்ற கேள்விக்குள் தீர்ப்பு போகவே இல்லை. நுட்பத்தில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் இருந்திருந்தால் காப்புரிமை நின்றிருக்கும்!

ஊருக்குள்ளேயும் சிக்கல் வந்தது. பலனைப் பங்கிடும் ஒப்பந்தம் பாரம்பரியத் தலைவர் தரப்போடு போடப்பட, வேர் எடுக்கும் பகுதி மக்கள் "எங்களைக் கேட்டீங்களா?" என்று எதிர்த்தார்கள். 'சமூகம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் யார் மறைந்துபோகிறார்கள் என்பதை நாமும் நம் மலைகளில் பார்த்தவர்கள்தானே.

ஐரோப்பாவில் இந்த மருந்துக்குப் 'பாரம்பரிய மூலிகை மருந்து' என்ற தகுதி உண்டு. அதற்கான 2004ஆம் ஆண்டு விதி கேட்பது முப்பது ஆண்டுப் பயன்பாடு. அதில் பொதுவாகப் பதினைந்தாவது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நடந்திருக்க வேண்டும். லெசோத்தோவில் எத்தனை தலைமுறை குடித்திருந்தாலும், அந்தப் பதினைந்து ஆண்டுக் கணக்கில் அது சேராது.