கணக்கு தீராத துப்பாக்கிகள்

1973-இல் வந்த ‘டோனி அர்ட்ஸெந்தா’ என்ற இத்தாலியப் படத்தின் கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். மிலான் நகரத்தில் ஒருவன் கூலிக்குக் கொலை செய்து பிழைக்கிறான். மகன் வளர்ந்துவருகிறான், இனிப் போதும், விலகிக்கொள்கிறேன் என்று முதலாளிகளிடம் சொல்கிறான். அவர்கள் அவனுடைய காரில் குண்டு வைக்கிறார்கள். அந்தக் காரில் ஏறியது அவன் மனைவியும் மகனும். அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு முதலாளியாகத் தேடிக்கொண்டு கிளம்புகிறான்.

இதில் நமக்குத் தெரியாத சங்கதி எதுவும் இல்லை. குடும்பத்தை இழந்தவன் கிளம்பி வருவதை எத்தனையோ மொழிகளில் பார்த்திருக்கிறோம். ஆனாலும் எழுபதுகளின் முதல் பாதியில் இத்தாலியில் எடுத்த இந்த வகைப் படங்களை, பழைய படச்சுருளைத் தேடியெடுத்து, கீறல் துடைத்து, இன்றும் புதிதாக வெளியிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பார்ப்பவர்களும் ஒருமுறை பார்த்துவிட்டு விடுவதில்லை. அப்படி என்ன இருக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் எல்லோரும் நினைத்துக்கொள்ளும் ஒன்றைப் பற்றிப் பேசிவிடலாம். பழிவாங்கும் படம் என்றதும், அதன் ருசி பழி தீர்வதில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். கெட்டவன் விழுவான், நாம் கைதட்டுவோம், மனசு லேசாகும். அந்த எதிர்பார்ப்போடு இந்தப் படங்களுக்குள் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பழி வாங்கிய எவனுக்கும் இங்கே நிம்மதி கிடைப்பதில்லை. சில படங்களில் பழி பாதிப் படத்திலேயே தீர்ந்துவிடுகிறது, அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பிக்கிறது. அப்படியானால் இவை எதைத் தருகின்றன? அதைப் புரிந்துகொள்ள, இவற்றைக் கொட்டகையில் முதன்முதலாகப் பார்த்தவர்கள் எந்த ஊரில், எந்த நேரத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிய வேண்டும்.

1969 டிசம்பர் 12. மிலானின் பியாட்ஸா ஃபொந்தானா சதுக்கத்தில் விவசாய வங்கி ஒன்றின் கூடத்தில் குண்டு வெடித்தது. 17 பேர் இறந்தார்கள். போலீஸ் உடனே அராஜகவாதிகள் மேல் கைவைத்தது. விசாரணைக்குக் கொண்டுபோன ஜுசெப்பே பினெல்லி என்ற ரயில்வே தொழிலாளி, மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் தலைமையக ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். அவரே விழுந்தாரா, தள்ளினார்களா என்று நாடே சண்டை போட்டது. அந்த விசாரணையோடு சேர்த்துப் பேசப்பட்ட அதிகாரி லூயிஜி கலாப்ரேசியை 1972 மே மாதம் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். குண்டு வைத்தது புதிய பாசிசக் கும்பல் என்பது பிறகு தெளிவானது. ஆனால் வழக்கு ஊர் ஊராக மாறி, நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கி, 2005-இல் முடிந்தபோது தண்டனை அனுபவிக்க ஒருவரும் இல்லை.

இப்போது அந்த ஊர்க்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். குண்டு வெடிக்கிறது, யார் வைத்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள். அரசாங்கத்துக்குள்ளேயே யாரோ சிலருக்கு எல்லாம் தெரியும் என்ற சந்தேகம் காற்றில் இருக்கிறது. அவர் டிக்கெட் வாங்கிக் கொட்டகையில் உட்காருகிறார். திரையில் ஒருவன் கதவைத் தட்டி, “உத்தரவு கொடுத்தது யார்?” என்று கேட்கிறான். ஒரு பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயருக்குரிய வீட்டுக்குப் போய் அதே கேள்வியைக் கேட்கிறான். அங்கே இன்னும் பெரிய பெயர். நீதிமன்றம் கேட்டு வாங்க முடியாத விவரத்தை ஒரு தனி ஆள் படியேறிப் படியேறி வாங்கிக்கொண்டு போகிறான். இந்தப் படங்கள் நம்மை இழுப்பது இங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பழியை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு இவை செய்வது புலன்விசாரணை.

விசாரிப்பவன் ஏன் போலீஸாக இல்லாமல் கூலிக்கொலைகாரனாக இருக்க வேண்டும்? போலீஸ் நாயகனாக வந்த படங்களும் அந்நாளில் ஏராளம். அவற்றில் பல, சட்டம் கையைக் கட்டிப்போடுகிறதே என்று கோபப்படும் அதிகாரியின் கதைகள். கூலிக்கொலைகாரனுக்கு அந்தக் கோபம் வர வழியில்லை. அவன் சட்டத்தை நம்பியவனே இல்லை. அவன் நம்பியது தன் முதலாளிகளின் வாக்கை. நம் தெருவில் பதிவு செய்யாமல் சீட்டு நடத்துகிறவரை நினைத்துப் பாருங்கள். ரசீது கிடையாது, பத்திரம் கிடையாது, “அவர் சொன்னால் சொன்னதுதான்” என்ற பேச்சு மட்டும்தான் உத்தரவாதம். மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வருகிறோம். ஒருநாள் காலையில் அவர் வீடு பூட்டிக் கிடந்தால், கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. மாஃபியா ‘மானம், மரியாதை’ என்று சொல்லிக்கொள்வதும் இந்த மாதிரிச் சீட்டுதான். கூலிக்கொலைகாரன் அதில் ஒழுங்காகக் கட்டிவந்தவன். சீட்டு உடைந்த அன்று அவனுக்கு வரும் ஆத்திரத்தில் பாதி, இத்தனை நாள் நம்பினோமே என்பதுதான்.

இதை மற்ற எவரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டு படமெடுத்தவர் ஃபெர்னாண்டோ டி லியோ. தெற்கே புலியா மாகாணத்துக்காரர், 1932-இல் பிறந்தவர். கௌபாய்ப் படங்களுக்குத் திரைக்கதை எழுதிப் பழகியவர். 1972, 73 இரண்டே ஆண்டுகளில் மூன்று படங்கள் எடுத்தார்: ‘மிலானோ காலிப்ரோ 9’, ‘லா மாலா ஓர்தினா’, ‘இல் போஸ்’. ஜோர்ஜோ ஷெர்பனென்கோ என்ற எழுத்தாளரின் மிலான் கதைகளிடம் இவர் பட்ட கடன் பெரிது. கீவ் நகரில் பிறந்து, பெண்கள் பத்திரிகைகளில் காதல் கதை எழுதிப் பிழைத்து, கடைசிக் காலத்தில் குற்றக்கதைக்கு வந்த ஷெர்பனென்கோ, வேலை தேடி வந்த தெற்கத்திக்காரர்களால் நிரம்பிக்கொண்டிருந்த மிலானைக் கதைக்குள் கொண்டுவந்தார். பனிமூட்டம், தொழிற்சாலை, கால்வாய்க் கரை, யாரும் யாரையும் அறியாத அடுக்ககம். அந்த நகரம்தான் டி லியோவின் படங்களில் தெரிகிறது.

‘லா மாலா ஓர்தினா’வில் ஹெராயின் சரக்கு ஒன்று காணாமல் போகிறது. அபகரித்தவர் மிலானின் பெரிய தலை. பழியை அவர் லூக்கா கனாலி என்ற சில்லறைத் தரகன் மேல் போட்டுவிடுகிறார். நியூயார்க்கிலிருந்து இரண்டு கொலைகாரர்கள் வருகிறார்கள்; நடித்தவர்கள் ஹென்றி சில்வா, வுடி ஸ்ட்ரோட். லூக்காவுக்கு எதற்காக இத்தனை பேர் தன்னைத் துரத்துகிறார்கள் என்றே தெரியாது. அவன் கண்ணெதிரில் மனைவியையும் மகளையும் ஒரு வேன் அடித்துப் போட்டுவிட்டுப் போகிறது. அப்போது அவன் ஓடுகிறான் பாருங்கள், அதை மறக்க முடியாது. லூக்காவாக நடித்த மரியோ அடார்ஃப் கட்டுமஸ்தான, கொஞ்சம் தொப்பை போட்ட ஆள். மூச்சு வாங்க ஓடி, வேனைப் பிடித்துத் தொங்கி, முன்கண்ணாடியைத் தலையாலேயே முட்டி உடைக்கிறான். வீரம் என்று அதைச் சொல்ல மாட்டோம். வேறு ஆயுதம் கைக்கு எட்டாதவன் தன் தலையையே ஆயுதமாக்குகிறான். கடைசியில் அவன் உண்மையைக் கண்டுபிடிக்கிறான், தன்னை மாட்டிவிட்டவனையும் கொல்கிறான். படம் முடியும்போது அவன் கையில் இருப்பது அந்த விவரம் மட்டும்தான்.

‘இல் போஸ்’ இன்னும் கசப்பானது. பலெர்மோவில் நடக்கிறது. ஹென்றி சில்வா இங்கே நாயகன், லன்சேத்தா. அனாதையான தன்னை எடுத்து வளர்த்த தலைவரையே, அவருக்கும் மேலே இருப்பவர் சொன்னார் என்பதற்காகக் கொல்கிறான். பழிக்குப் பழி, அதற்கொரு பழி என்று போய்க்கொண்டே இருக்கிறது. படத்தின் கடைசியில் ‘முற்றும்’ வரவேண்டிய இடத்தில் ‘தொடரும்’ என்று போட்டார் டி லியோ. இரண்டாம் பாகம் எடுக்கும் திட்டத்தால் போட்டதல்ல என்றுதான் அதை நான் புரிந்துகொள்கிறேன். ஊர் அப்படி இருந்தது.

‘மிலானோ காலிப்ரோ 9’-இன் நாயகன் உகோ பியாட்ஸா கொலைகாரன் அல்லன், கடத்தல் கும்பலின் ஆள். ஆனாலும் பழியைப் பற்றி இந்த வகைப் படங்கள் சொன்னதிலேயே மிக நுட்பமானது இதில்தான் இருக்கிறது. சிறையிலிருந்து வெளியே வரும் உகோ மூன்று லட்சம் டாலரை அமுக்கிவிட்டான் என்று கும்பல் நம்புகிறது. ரோக்கோ என்ற அடியாள் படம் முழுக்க அவனை அடிக்கிறான், கேலி செய்கிறான், வாய்விட்டுச் சிரிக்கிறான். பணத்தை உகோதான் எடுத்திருக்கிறான், அத்தனை பேரையும் ஏமாற்றியிருக்கிறான் என்பது கடைசியில் தெரிகிறது. அப்போது அவனை ஓர் அற்பன் பின்னாலிருந்து கொன்றுவிடுகிறான். அந்த அற்பனின் தலையை மோதி மோதிக் கொல்வது யார் தெரியுமா? ரோக்கோ. உகோ பியாட்ஸா மாதிரி ஒரு மனிதனைத் தொட உனக்கு என்ன தகுதி என்று அலறுகிறான். எதிரிக்காக எதிரி பழி வாங்குகிறான். மரியாதை என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததில் மிச்சமிருந்தது இவ்வளவுதான், அதுவும் அது யாரையும் காப்பாற்றவில்லை.

இவையெல்லாம் ‘காட்ஃபாதர்’ படத்தின் நகல் என்று சொல்வதுண்டு. ஆனால் ‘மிலானோ காலிப்ரோ 9’ இத்தாலியில் வெளியானது 1972 பிப்ரவரியில், ‘காட்ஃபாதர்’ அமெரிக்காவில் அதற்கு அடுத்த மாதம். பிரான்ஸின் மெல்வில் எடுத்த ‘லே சாமுராய்’ (1967) படத்துக்குக் கடன்பட்டவை என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம்.

செர்ஜியோ சொல்லிமாவின் ‘சித்தா வியோலெந்தா’வை (1970) விட்டுவிட்டுப் போக மனமில்லை. சார்லஸ் பிரான்சன் தன்னைக் காட்டிக்கொடுத்தவனைத் தேடிப்போய்க் கார்ப் பந்தயத்தில் கொல்கிறான். பழி தீர்ந்தது என்று நினைக்கும்போது, அதை யாரோ படம்பிடித்து அனுப்புகிறார்கள். அந்தப் புகைப்படங்களைக் காட்டி அவனை ஒரு பெரிய நிறுவனம் தன் வேலையாளாக்கப் பார்க்கிறது. அவன் வாங்கிய பழியே அவன் கழுத்துச் சங்கிலி. முடிவில் வரும் கண்ணாடி லிஃப்ட் காட்சியைச் சத்தத்தை நன்றாகக் கூட்டிவைத்துப் பாருங்கள், துப்பாக்கி வெடிக்கும் ஓசை வராது. கண்ணாடியில் ஓட்டை விழுவதுதான் தெரியும்.

ஓசை என்றதும் ஒரு தொழில் விஷயம். அந்நாளைய இத்தாலியில் படப்பிடிப்பில் பெரும்பாலும் ஒலி பதிவதில்லை. நடிகர்கள் அவரவர் மொழியில் வாயசைப்பார்கள், பேச்சு, காலடி, கதவு எல்லாவற்றையும் பிறகு கூடத்தில் சேர்ப்பார்கள். டோனி அர்ட்ஸெந்தாவாக நடித்த டெலோனும் சில்வாவும் வேறொருவர் குரலில் பேசுவது அதனால்தான். உதடு ஒட்டாததை முதல் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கிடைத்த லாபம் பெரியது. ஒலிக்கருவியின் கவலை இல்லாமல் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு நெரிசலான தெருவில் இறங்க முடிந்தது. பேச்சைக் குறைத்து முகத்தை நம்ப முடிந்தது. இசைக்கும் இடம் கிடைத்தது. ‘மிலானோ காலிப்ரோ 9’-இல் லூயிஸ் பகலோவ் நேப்பிள்ஸ் ராக் குழுவான ஒசன்னாவையும் தந்திக் கருவிகளையும் சேர்த்து வாசிக்க வைத்திருக்கிறார். தொடக்கத்தில் ஒரு பொட்டலம் மிலானில் கைமாறிக் கைமாறிப் போகும் காட்சியை அந்த இசைக்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

குறையையும் சொல்ல வேண்டும். இந்தப் படங்கள் பெண்களை நடத்தும் விதம் பல இடங்களில் கொடூரம், சில இடங்களில் வெறும் காட்சிப்பொருள். காலம் அப்படி என்று சொல்லி அதை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. டி லியோவே மற்ற விஷயங்களில் எவ்வளவு கூர்மையானவர் என்று தெரிந்த பிறகு அது இன்னும் உறுத்துகிறது.

1976-இல் இத்தாலிய அரசியல்சாசன நீதிமன்றம் தனியார் தொலைக்காட்சிக்கு வழி திறந்தது. ஜனங்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், சில ஆண்டுகளில் கொட்டகைக் கூட்டம் பாதியாய்க் கரைந்தது, சிறிய பட்ஜெட் குற்றப்படங்களும் அடிபட்டன. டி லியோ 2003-இல் இறந்தார். அடுத்த ஆண்டு வெனிஸ் திரைப்பட விழா பழைய இத்தாலிய ஜனரஞ்சகப் படங்களுக்கென்று ஒரு வரிசை ஒதுக்கியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் குவென்டின் டாரன்டினோ.

பார்க்க விரும்பினால் ‘லா மாலா ஓர்தினா’விலிருந்து தொடங்குங்கள், ஓட்டமும் வேகமும் அதில் அதிகம். இத்தாலியக் குரல் பதிவைத் தேர்ந்தெடுத்து வசன வரிகளோடு பாருங்கள். அடுத்து ‘மிலானோ காலிப்ரோ 9’. ‘டோனி அர்ட்ஸெந்தா’வைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சமாதானம் பேசி முடித்து, சிசிலியில் ஒரு கல்யாணத்துக்கு அவனை அழைக்கிறார்கள். அவன் போகிறான். இத்தனை நடந்த பிறகும் அந்த வாக்கை அவன் ஏன் நம்பினான் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள்.