தம்பிக்கு மெதடோன் வேண்டுமா?

"ஹெராயினை விடறதுக்கு இன்னொரு போதை மருந்தா?" அரசாங்க கிளினிக்கில் டாக்டர் மெதடோன் என்று சொன்னதுமே பல வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான். கிள்ளானில் ஓர் அக்காவும் என்னிடம் அதையேதான் கேட்டார். தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பல வருஷமாக ஹெராயின். விட்டுப் பார்த்திருக்கிறார், திரும்பப் போயிருக்கிறார். தே தாரிக் கடையில் உட்கார்ந்து அக்காவும் நானும் பேசியதை, அதே கேள்வியோடு தவிக்கிற மற்ற வீடுகளுக்காகவும் எழுதுகிறேன்.

ஹெராயின் சில நிமிஷத்தில் மூளைக்கு ஏறும், நாலைந்து மணி நேரத்தில் இறங்கும். இறங்கும்போது கியான் வரும். மூக்கு ஒழுகும், எலும்புக்குள் குடையும், வயிறு கலங்கும், குளிரும் வியர்வையும் மாறி மாறி வரும், கண் மூட முடியாது. சில வருஷம் போனபிறகு யாரும் சுகத்துக்காக எடுப்பதில்லை. கியான் வரக்கூடாதே என்றுதான் எடுக்கிறார்கள். பணம் தேடுவது, சரக்கு தேடுவது, எடுப்பது, மறுபடி பணம் தேடுவது என்று ஒரு மனுஷனின் நாள் முழுக்க அதிலேயே போய்விடும்.

மெதடோனும் மூளையில் அதே இடத்தில்தான் போய் உட்காருகிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாய்வழியாகக் குடிக்கும்போது அது மெதுவாக ஏறுகிறது, ஒரு நாளுக்கு மேல் இறங்காமல் நிற்கிறது. அளவு சரியாக அமைந்தவருக்குக் கிறக்கமும் இல்லை, கியானும் இல்லை. அதற்கு மேல் ஹெராயின் எடுத்தாலும் பழைய வேகம் கிடைக்காது, இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது.

இதை 1964இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். முதலில் அவர்கள் ஹெராயின் நோயாளிகளுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். அளவு ஏறிக்கொண்டே போனது. நோயாளிகள் அடுத்த ஊசி எப்போது என்று காத்துக் கிடந்தார்கள். மெதடோனுக்கு மாற்றியபின் அந்த ஆட்களே வேறு மாதிரி ஆனார்கள். ஒருவர் படம் வரைய உட்கார்ந்தார். இன்னொருவர் பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும் என்று கேட்டார். அடுத்த ஆண்டு, 22 நோயாளிகளைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் மெதடோனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே அக்காவுக்கு நான் சொன்னது: தம்பியின் உடம்பு மெதடோனைச் சார்ந்துதான் இருக்கும். திடீரென்று நிறுத்தினால் கஷ்டப்படுவார். ஆனால் வீட்டு நகையை அடகு வைக்க வைத்ததும், பொதுக் கழிவறையில் ஊசியோடு கிடக்க வைத்ததும் அந்தச் சார்பு மட்டுமல்ல. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கிய அந்த ஆட்டம்தான். மெதடோன் அந்த ஆட்டத்தை நிறுத்துகிறது.

"மருந்தே இல்லாம, ரெண்டு வாரம் ஒரு இடத்துல போட்டு சுத்தமா எடுத்துட முடியாதா?" என்று கேட்டார். இந்த இடத்தில்தான் நான் குரலை உயர்த்திவிட்டேன், ஏனென்றால் இதில் உயிர் போகிறது. இரண்டு வாரம் எடுக்காமல் இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். மனசு மட்டும் பழைய அளவையே நினைத்துக்கொண்டிருக்கும். வெளியே வந்து ஒருநாள் சறுக்கி, முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். சிறையிலிருந்தும் மறுவாழ்வு மையத்திலிருந்தும் வெளியே வரும் முதல் சில வாரங்கள்தான் ஹெராயின் எடுத்தவருக்கு மிக ஆபத்தானவை.

வெளியே வந்தவர்கள் எவ்வளவு சீக்கிரம் சறுக்குகிறார்கள் என்பதை மலேசியாவிலேயே பார்த்திருக்கிறார்கள். கட்டாயத் தடுப்பு மையத்தில் இருந்து வந்தவர்களையும், மெதடோன் கொடுக்கும் மையத்தில் தாமாகச் சேர்ந்தவர்களையும் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. முதல் கூட்டத்தில் பாதிப்பேர் 31 நாளுக்குள் மறுபடி எடுக்கத் தொடங்கினார்கள். மெதடோன் எடுத்தவர்களில் அந்தப் பாதிக்கு 352 நாள் ஆனது. அவர்களிலும் சறுக்கியவர்கள் உண்டு என்பதையும் கவனியுங்கள், மெதடோன் மந்திரமில்லை. ஆனால் ஒரு மாதத்துக்கும் ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கும் இடையில் ஒரு மனுஷன் வேலை தேடிக்கொள்ளலாம், பல்லைப் பார்க்கலாம், அம்மாவிடம் மறுபடி பேசத் தொடங்கலாம். அதே 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்து வெளியிட்டது. மெதடோன் எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்குச் சுமார் 11 பேர் இறந்தார்கள். சிகிச்சையை விட்டவர்களில் 36 பேர்.

இந்த நாடு மெதடோனை ஏற்றுக்கொண்டதும் உயிர் பயத்தில்தான். 2000களின் தொடக்கத்தில் இங்கே புதிதாக எச்.ஐ.வி. வந்தவர்களில் பெரும்பாலோர் ஊசி பகிர்ந்தவர்கள். 2005இல் சுகாதார அமைச்சு மெதடோன் திட்டத்தைத் தொடங்கியது. 2010இல் கோலாலம்பூர் அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் உதவியோடு மெதடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். பள்ளிவாசலிலேயே கொடுக்கலாம் என்றால், நம் கோயில் தலைவர்களும் மெதடோன் எடுக்கும் பையனைத் திருவிழா வேலையிலிருந்து ஒதுக்காமல் இருக்கலாம். இதை நான் வேண்டிக் கேட்கிறேன்.

கிளினிக்கில் என்ன நடக்கும் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. ஊசி போடுவார்கள் என்று நினைத்திருந்தார். ஊசியில்லை. மருந்தாளர் தம்பியின் பேரையும் அட்டையையும் சரிபார்ப்பார். ஆள் தள்ளாடுகிறாரா, வாயில் சாராய வாடை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் அன்றைக்கு மருந்தைத் தள்ளிப்போடுவார். எல்லாம் சரியென்றால் அளந்து ஊற்றிய திரவத்தைச் சிரப்பில் கலந்து சின்னக் கோப்பையில் கொடுப்பார். அவர் கண்முன்னே குடிக்க வேண்டும். கோப்பையில் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடிக்க வேண்டும். பிறகு இரண்டு வார்த்தை பேசச் சொல்வார். வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடக் கூடாது என்பதற்காக. சிலருக்கு இது அவமானமாகத் தெரியும். ஆனால் ஒழுங்காக வந்து, சிறுநீர்ப் பரிசோதனையிலும் தேறினால், கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்புவார்கள்.

தினமும் போக வேண்டும் என்பதுதான் பலரைத் தோற்கடிக்கிறது. தம்பியின் ஷிப்ட் காலை ஏழு மணிக்கு. மருந்து கொடுக்கும் நேரம் அதற்கு ஒத்துவருமா, பக்கத்தில் மெதடோன் கொடுக்கும் தனியார் கிளினிக் இருக்கிறதா, ஷிப்ட் மாற்ற முடியுமா என்பதையெல்லாம் சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். போய்வர வழியில்லாத சிகிச்சை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பத்து நாள் தாண்டாது.

அதைவிட முக்கியமான ஒன்று. மெதடோன் ஹெராயின், மார்ஃபின், கொடேயின் போன்ற அபின் வகைகளுக்கு மட்டும்தான். சியாபு எனப்படும் மெத்தம்ஃபெட்டமினுக்கு அது வேலை செய்யாது, கஞ்சாவுக்கும் செய்யாது. இன்றைக்கு நம் பிள்ளைகள் பலர் சியாபுவில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பையனை மெதடோனுக்காக அழைத்துப்போனால் டாக்டர் திருப்பி அனுப்புவார், அனுப்பத்தான் வேண்டும். இரண்டையும் எடுப்பவருக்கு மெதடோன் ஹெராயின் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும், மற்றதற்குத் தனியாக உதவி தேட வேண்டும். எப்போதாவது எடுத்துப் பார்த்த, உடம்பு இன்னும் பழகாத பையனுக்கும் இது தேவையில்லை. பல வருஷம் எடுத்தவர், விட்டு விட்டுத் திரும்பியவர், ஊசி போடுபவர் ஆகியோருக்குத்தான் இது பொருந்தும். ஹெராயின் எடுக்கும் கர்ப்பிணிப் பெண்ணையும் திடீரென்று நிறுத்தச் சொல்லக் கூடாது. மெதடோனில் வைத்துத்தான் குழந்தையையும் தாயையும் காப்பாற்றுகிறார்கள். பிறந்தபின் குழந்தைக்குக் கியான் வரலாம், மருத்துவமனையில் அதற்குச் சிகிச்சை உண்டு.

ஆபத்தையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம்தான் கவனம். தொட்டியில் நேற்றைய தண்ணீர் இறங்குமுன் இன்றைய தண்ணீர் விழுவதுபோல, மெதடோன் உடம்பில் நாளுக்கு நாள் சேரும். முதல் நாள் 20, 30 மில்லிகிராமில் தொடங்குவார்கள். "இது பத்தலை" என்று தம்பி புலம்புவார். அந்த நேரத்தில் மேலே ஹெராயினோ சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால், மூன்றாம் நாளோ நாலாம் நாளோ தூக்கத்திலேயே மூச்சு குறைந்துவிடலாம். எழுப்பினாலும் எழாத தூக்கம், வழக்கமில்லாத பெருங்குறட்டை, நீலம் பாய்ந்த உதடு, இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள். அந்த வாரங்களில் ஃபோர்க்லிஃப்டும் ஓட்டக் கூடாது.

"அப்போ கொஞ்சமாவே குடுக்கச் சொல்றேன்" என்றார் அக்கா. குடும்பத்தார் பலர் இப்படித்தான் டாக்டரை நெருக்குகிறார்கள். தொடக்கத்தில் குறைவாக இருப்பது சரி. ஆனால் நின்று நிலைக்கும் அளவு பெரும்பாலோருக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை போகும். அங்கே போகவிடாமல் பாதியில் பிடித்து வைத்தால், சாயங்காலத்தில் கியான் எட்டிப் பார்க்கும், பழைய சந்துக்குக் கால் போகும். பிறகு "மெதடோன் வேலை செய்யலை" என்று மருந்தின்மேல் பழி விழும்.

இதயத்தையும் பார்க்க வேண்டும். இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை மெதடோன் சிலருக்கு மாற்றும், அளவு கூடினால் அது துடிப்பையே தாறுமாறாக்கலாம். தம்பி மயக்கம் போட்டு விழுந்ததுண்டா, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்தார்களா என்று டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னால் எடுங்கள். எடுக்கும் மற்ற மருந்துகளையும் அப்படியே சொல்லுங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மெதடோனை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். அதைத் தொடங்கிய சில நாளில் நன்றாக இருந்தவருக்குக் கியான் வந்தால், அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. வலிப்பு மருந்து சிலவும் எச்.ஐ.வி. மருந்து சிலவும் இதையே செய்யும். மற்றபடி மலச்சிக்கல், வியர்வை, வாய் உலர்ந்து பல் கெடுதல், பாலுறவு ஆசை குறைதல். கடைசியாகச் சொன்னதைப் பற்றி வெட்கப்பட்டு வாய் திறக்காமல் மருந்தையே விட்டுவிடும் ஆண்கள் உண்டு. டாக்டரிடம் சொன்னால் வழி இருக்கிறது.

புப்ரநோர்பின் என்ற இன்னொரு மருந்தும் இருக்கிறது. நாக்குக்கு அடியில் வைப்பது. ஓர் அளவுக்குமேல் அதன் வேகம் ஏறாது, அதனால் மூச்சு நிற்கும் ஆபத்து குறைவு. ஆனால் கியான் தொடங்கியபிறகுதான் முதல் மாத்திரையை வைக்க வேண்டும், முந்தினால் அதுவே கியானைக் கிளப்பிவிடும். இதயக் கோளாறு இருப்பவருக்கும் தினமும் கிளினிக் போக முடியாதவருக்கும் அதைப் பற்றிக் கேட்கலாம். நீண்ட காலம் அதிகமாக எடுத்தவர்கள் மெதடோனில்தான் அதிகம் நிலைக்கிறார்கள். தம்பிக்கு எது என்பதைத் தம்பியே டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யட்டும். வீட்டார் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தவர் மறு வாரமே நின்றுவிடுவார்.

வீட்டில் செய்ய வேண்டியது இரண்டு. கொடுத்தனுப்பும் மருந்தைப் பூட்டி வையுங்கள், பெரியவர் ஒருநாள் குடிப்பது ஒரு குழந்தையின் உயிரை எடுத்துவிடும். தொடர்ந்து மூன்று நாள் தவறிவிட்டால் வீட்டிலிருக்கும் பழைய அளவைக் குடிக்க விடாதீர்கள், கிளினிக்குக்குப் போய்க் குறைந்த அளவில் மறுபடி தொடங்க வேண்டும்.

"பொண்ணு பார்க்கறோம். கல்யாணத்துக்குள்ள நிறுத்திடலாமா?" கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அக்கா கேட்டார். கல்யாணத் தேதியைப் பார்த்து மருந்தை நிறுத்தாதீர்கள் என்றேன். குறைந்தது ஒரு வருஷமாவது எடுக்க வேண்டும். பல வருஷம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், வாழ்நாள் முழுக்க எடுப்பவர்களும் இருக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். நிறுத்த வேண்டும் என்று தம்பிக்கே தோன்றினால், வேலையும் வீடும் உறுதியாக இருக்கும் காலத்தில், டாக்டரின் கணக்குப்படி சிறிது சிறிதாக, மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். நடுவில் தூக்கம் கெட்டாலோ, பழைய ஆட்களின் எண்ணைப் போனில் தேடத் தோன்றினாலோ அந்த வாரமே கிளினிக்கில் சொல்லி முந்தைய அளவுக்குத் திரும்பிவிடலாம். அது தோல்வியில்லை.

"அப்போ பொண்ணு வீட்டுல?"

தம்பியே சொல்லட்டும், நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லட்டும். அந்தப் பெண்ணுக்கு விருப்பமிருந்தால் ஒருநாள் கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு போகட்டும், மீதிக் கேள்விகளை அவரே மருந்தாளரிடம் கேட்டுக்கொள்வார்.