நீடித்த படுக்கை ஓய்வும் இதய, மூச்சுச் செயற்பாடும்

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், 20 வயதுடைய ஐந்து ஆண்கள் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருத்தப்பட்டனர். அவர்களது உச்ச ஆக்சிஜன் நுகர்வு ஏறத்தாழ 27 விழுக்காடு சரிந்தது. இச்சரிவுக்கு முதன்மைக் காரணம் நுரையீரல் அன்று, இதயமே. நிற்கையில் கால்களில் தங்கும் குருதி, படுத்தவுடன் மார்பை நோக்கி நகர்கிறது. உடல் அதனை மிகைநீராகக் கொண்டு சிறுநீர்வழி வெளியேற்றுகிறது. குருதியின் நீர்ப்பகுதி குறையவே, இதயத்திற்குத் திரும்பும் குருதியும், ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியேற்றும் அளவும் சுருங்குகின்றன. உச்சத் துடிப்பு வீதம் பெரிதும் உயராமையால் இவ்விழப்பு ஈடுசெய்யப்படுவதில்லை. நெடுநாள் படுத்தவர் எழுந்து நின்றதும் தலைசுற்றலுக்கு ஆளாவதற்கும் இதில் பெரும்பங்கு உண்டு.

நலமுள்ளோரின் நுரையீரல் இவ்வோய்வை ஓரளவு தாங்கும். நோயுற்ற முதியோரின் நிலை வேறு. மல்லாந்து படுக்கையில் வயிற்றுறுப்புகள் உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றன. மூச்சை வெளிவிட்டபின் நுரையீரலில் எஞ்சும் காற்று குறைந்து, தாழ்ந்த பகுதியிலுள்ள நுண்ணறைகள் மூடிக்கொள்கின்றன. தேங்கும் சளி நிமோனியாவுக்கு இடமளிக்கிறது.

அதே ஐவர் 1996இல் மீண்டும் ஆராயப்பட்டனர். முப்பது ஆண்டு முதுமை விளைவித்த இழப்பு, அந்த மூன்று வார ஓய்வு விளைவித்ததைவிடக் குறைவாகவே இருந்தது. ஐவர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் அதே உடல்களின் ஒப்பீடு என்பதால் இம்முடிவு புறந்தள்ளத்தக்கதன்று. பின்னர் அளிக்கப்பட்ட ஆறு மாத உடற்பயிற்சியில் முதுமையின் இழப்பும் மீட்கப்பட்டது.