ஓட்டைக் காலணா சொல்லும் யுத்தக் கதை!

பாட்டியின் சுருக்குப் பையில் கிடக்கும் ஓட்டைக் காலணா கடைக்காரருக்குச் செல்லாக் காசு. நாணயம் சேர்ப்பவருக்கோ சரித்திரப் பாடம்!

நடுவில் ஏன் ஓட்டை? 2-வது உலக யுத்தத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு. 1943-ல் துளை போட்ட காசு அடித்து, செம்பை மிச்சம் பிடித்தது சர்க்கார்! அப்போது 64 காலணா சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். 1957-ல் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 100 ஆனது.

இன்றைய ரூபாயிலும் ரகசியம் உண்டு. ஆண்டுக்குக் கீழே வைரக்குறியா? மும்பையில் அடித்தது. நட்சத்திரமா? ஐதராபாத். புள்ளியா? நொய்டா. ஒண்ணுமே இல்லையா? கொல்கத்தா! சில்லறையோடு ஓசியில் கிடைக்கும் சந்தோஷம் இது.

ஆனால், "பழைய காசுக்கு லட்ச ரூபாய் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க" என்று போன் வந்தால் உஷார்! தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி 2021-ல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.