கருப்பொருளும் வண்ணமும்: ஆலு குறும்பர் ஓவியங்களில் காட்டுயிர்

நீலகிரி மாவட்டம் கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கொம்பை, ஆலு குறும்பர் வாழும் சிற்றூராகும். அப்பகுதியிலுள்ள எழுத்துப்பாறையில் காணப்பெறும் பழைய ஓவியங்களைத் தம் முன்னோர் வரைந்தனவாகவே இம்மக்கள் கருதுகின்றனர். அம்மரபைத் தாளில் தொடர்ந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் வெள்ளரிக்கொம்பை ஓவியர் ஆர். கிருஷ்ணன். இத்தகைய ஓவியங்களில் காட்டுயிர் பெறும் இடத்தை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இவற்றை ‘இயற்கைக் காட்சி ஓவியம்’ எனச் சுட்டுவது பொருந்தாது. காட்சி ஓவியத்தில் காண்பான் ஒருவன் வெளியே நிற்பான். விலங்கு அவன் பார்வைக்குரிய பொருளாக அமையும். குறும்பர் தேனெடுப்பு ஓவியத்தில் அத்தகைய வெளி இல்லை. செங்குத்துப் பாறை, அதில் தொங்கும் தேனடை, கொடியேணி, அதில் இறங்குவோன், சூழ்ந்த மரம் ஆகிய அனைத்தும் ஒரே தளத்தில் நிற்கின்றன. மனிதன் முகக்குறிகளற்ற எளிய கோட்டுருவமே.

தொல்காப்பியர் கருப்பொருளை வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை ஒருங்கு வைக்கிறார். குறிஞ்சித் தொழில்களுள் தேனழித்தலை உரைமரபு குறிக்கிறது. விலங்கையும் தொழிலையும் ஒரே நிரலில் வைக்கும் இவ்வகைப்பாடு, தேனெடுப்பு ஓவியத்தை விளக்கக் காட்சி ஓவியக் கோட்பாட்டினும் மிகுதியாகத் துணைசெய்கிறது. வாழப்பாடியை ஒட்டிய அருநூற்றுமலை, கல்வராயன்மலை வழக்காறுகளைத் தொகுப்போரும் இந்நோக்கில் பயன்பெறலாம்.

வண்ணமும் ஈண்டு கருதத்தக்கது. வேங்கைமரத்தின் செம்பிசினே இவ்வோவியங்களின் முதன்மை வண்ணம். மண்ணும் இலைச்சாறும் துணைநிற்பன. பூத்த வேங்கையைப் புலியென மருண்டு யானை தாக்கும் காட்சி சங்கப் பாடல்களில் பயின்று வருவது. அங்கு உவமைக்கு இடனான மரம், இங்கு யானையை வரையும் மையாகிறது. கடைவண்ணங்களுக்கு மாறுவதைப் பொருள் மாற்றம் எனக் கொள்ளாமல் வசதி மாற்றம் என எளிதாகக் கடந்துவிடுகிறோம்.

மத்தியப் பிரதேசக் கோண்டு ஓவியர் ஜன்கட் சிங் ஷியாம் (1962–2001) போபால் பாரத் பவனில் ஜெ. சுவாமிநாதனின் ஊக்கத்தால் வளர்ந்தவர். அவர் ஓவியங்கள் பலவற்றில் வெற்றுத்தளத்தில் விலங்கு தனித்து, புள்ளிகளாலும் கோடுகளாலும் நிறைந்து நிற்கும். அத்தனிமை அக்கலைக்கு வலிமை. குறும்பர் ஓவியத்திலிருந்து ஒரு மானை மட்டும் வெட்டி வாழ்த்து அட்டையில் அச்சிட்டாலோ பாறையும் தேனும் மனிதனும் நீங்கிவிட, எஞ்சுவது வெறும் கோட்டுருவமே.