பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம்

பல இல்லங்களின் கூடத்தில், பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக்கணினி ஒன்று இருப்பதைக் காணலாம். பிள்ளைகளின் பள்ளிச் செயல்திட்டங்கள், திருமண ஒளிப்படங்கள், வரவு செலவுக் கணக்குகள், ஊரிலிருக்கும் தாத்தாவுக்குத் தட்டச்சு செய்த கடிதங்கள் எனக் குடும்பத்தின் வரலாறே அதனுள் அடங்கியிருக்கும். ஒருநாள் அதன் திரையில், இயங்குதளத்திற்கான ஆதரவு முடிந்துவிட்டது என்ற அறிவிப்புத் தோன்றுகிறது. கணினியை அப்படியே பயன்படுத்தலாமா? புதிய இயங்குதளத்தை நிறுவலாமா? கணினியையே மாற்ற வேண்டுமா? இவ்வினாக்களுக்கு விடை காணும் முன், இயங்குதளம் என்றால் என்ன என்பதை அறிதல் வேண்டும்.

இயங்குதளத்தின் பணி

கணினியில் கையால் தொடக்கூடிய உறுப்புகள் வன்பொருள் எனப்படும். அவற்றைச் செயல்படச் செய்யும் கட்டளைத் தொகுதிகள் மென்பொருள் எனப்படும். மென்பொருள்களுள் அடிப்படையானது இயங்குதளம். தொடர்வண்டி நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்க வேண்டும், எது முதலில் புறப்பட வேண்டும் என்பவற்றை நிலைய அதிகாரி ஒழுங்குபடுத்துகிறார். அதுபோல, எந்த மென்பொருளுக்கு எவ்வளவு நினைவகம் தருவது, எந்தக் கோப்பை எங்கே சேமிப்பது, அச்சுப்பொறிக்கு எப்போது கட்டளை அனுப்புவது என்பவற்றை இயங்குதளம் ஒழுங்குபடுத்துகிறது. விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் ஆகியவை மேசைக்கணினிகளில் பரவலாகப் பயன்படும் இயங்குதளங்கள் ஆகும்.

ஆதரவு முடிவதன் பொருள்

ஆதரவு முடிந்த மறுநாளே கணினி நின்றுவிடுவதில்லை. அது வழக்கம்போலவே இயங்கும். ஆயினும், இயங்குதளத்தில் புதிதாகக் கண்டறியப்படும் குறைகளுக்குத் திருத்தங்கள் வாரா. பூட்டு பழுதானதை அறிந்தும் சரிசெய்யாத வீட்டைப் போல அக்கணினி ஆகிவிடும்.

இதன் விளைவை 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகம் கண்டது. 'வான்னாகிரை' என்னும் தீநிரல் விண்டோஸில் இருந்த ஒரு குறையின் வழியே பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகளின் பணிகள் தடைப்பட்டன. அக்குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை நிறுவாத கணினிகளும், ஆதரவு முடிந்த பழைய இயங்குதளங்களைக் கொண்ட கணினிகளுமே அத்தாக்குதலுக்கு இடம்கொடுத்தன.

2015ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் ஓராண்டுக்கு வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

முதற்பணி: காப்பு நகல்

கணினி பழுதானால் வேறொன்றை வாங்கலாம். அதிலுள்ள கடிதங்களையும் ஒளிப்படங்களையும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. எனவே, இயங்குதளத்தை மாற்றுமுன் எல்லாக் கோப்புகளுக்கும் காப்பு நகல் எடுத்தல் வேண்டும். ஒரு நகலைப் புறவன்தட்டிலும், மற்றொன்றை வேறோர் இடத்திலும் வைப்பது நல்லது. நகலெடுத்த கோப்புகளுள் சிலவற்றை மற்றொரு கணினியில் திறந்து பார்த்தல் வேண்டும். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனிக் கவனம் தேவை. முன்னாளில் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்து உருவாக்கப்பட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், பொருளற்ற குறியீடுகளே தோன்றும். அன்புள்ள தாத்தாவுக்கு எனத் தொடங்கிய கடிதம் யாரும் படிக்க முடியாததாகிவிடும். உலகமொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை வழங்கும் ஒருங்குறி முறையில் தமிழும் இடம்பெற்ற பின்னரே இச்சிக்கல் தீரத் தொடங்கியது. ஆகவே, பழைய கோப்புகளுடன் அவற்றின் எழுத்துருக்களையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். பின்னர், எழுத்துரு மாற்றி மென்பொருளைக் கொண்டு அக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம்.

கணினியின் தகுதி

அடுத்து, புதிய இயங்குதளத்தை ஏற்கும் தகுதி கணினிக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு பெட்டிகளுக்காகக் கட்டிய நடைமேடையில் இருபத்துநான்கு பெட்டிகள் கொண்ட வண்டியை முழுவதும் நிறுத்த இயலாதன்றோ?

விண்டோஸ் 11 இயங்குவதற்கு 64 பிட் நுண்செயலி, குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம் ஆகியவை தேவை. கடவுச்சொல் முதலிய மறைபொருள்களைக் காக்கும் 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்புக் கூறும் இருத்தல் வேண்டும். இன்டெல் நுண்செயலிகளுள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்கப்படுகின்றன. சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். தொடக்க அமைப்புகளில் அதனை இயக்கினாலே போதும். இவற்றைச் சோதித்துக் கூறும் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இலவசமாக வழங்குகிறது.

கணினி தகுதியுடையதாயினும் மெதுவாக இயங்கினால், இரு உறுப்புகளை மாற்றிப் பார்க்கலாம். பழைய வன்தட்டில் தகடு சுழன்றே தரவு படிக்கப்படுகிறது. எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பு ஏதும் இல்லை. ஆதலால் கணினி விரைந்து தொடங்கும். நினைவகத்தையும் கூட்டலாம். ஆனால் டிடிஆர்3 வகை நினைவகத்திற்குரிய தாய்ப்பலகையில் டிடிஆர்4 வகை பொருந்தாது. வகையறிந்து வாங்குதல் வேண்டும்.

தகுதி இல்லையெனில்

புதிய விண்டோஸை ஏற்காத கணினி பயனற்றதாகிவிடாது. 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று பல வடிவங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அவற்றுள் சில, குறைந்த நினைவகமுள்ள பழைய கணினிகளுக்கென்றே அமைக்கப்பட்டவை. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இயங்குதளமும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அது தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படக் கூடியது. லினக்ஸ் வடிவங்கள் பலவற்றைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறி, ஒலி, இணையம் ஆகியவை சரிவர இயங்குவதைக் கண்டபின் கணினியில் நிறுவலாம். விண்டோஸுக்கெனவே எழுதப்பட்ட சில மென்பொருள்கள் அதில் இயங்கா என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நிறுவும்போது

இயங்குதளக் கோப்பை, அதனை உருவாக்கியவர்களின் இணையத்தளத்திலிருந்து மட்டுமே பெறுதல் வேண்டும். நிறுவும் வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் கணினி தொடங்காமற் போகலாம். எனவே யுபிஎஸ் இணைப்பு இருப்பது நலம். 'வட்டு முழுவதையும் அழிக்கவா?' என்று கணினி கேட்கும் இடத்தில் நின்று படித்து, காப்பு நகல் இருப்பதை மீண்டும் உறுதி செய்த பின்னரே இசைவு தர வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருடன் சேர்ந்து செய்வதே சிறந்தது.

எவ்வகையிலும் பயன்படாத கணினியையும் குப்பையில் எறிதல் கூடாது. மின்னணுப் பொருள்களில் காரீயம் முதலிய நச்சுப்பொருள்கள் இருப்பதால், அவை மண்ணையும் நீரையும் கெடுக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களே அக்கழிவைக் கையாள வேண்டும். கணினியைக் கொடுக்குமுன் வன்தட்டிலுள்ள தரவு முழுவதையும் மீட்க முடியாதவாறு அழித்தல் வேண்டும். கோப்பை நீக்குவது மட்டும் போதாது.

இயங்குதளங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அவற்றின் வழியே காக்கப்படும் கடிதமும் படமும் மாறாமல் அடுத்த தலைமுறையின் கைக்குச் சேர வேண்டும். அதற்குத் துணைசெய்யும் மாற்றமே நல்ல மாற்றம்.

சொற்பொருள்

தீநிரல் – கணினிக்குத் தீங்கு செய்யும் மென்பொருள்
ஒருங்குறி – எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை
இசைவு – ஒப்புதல்
காப்பு நகல் – இழப்பு நேராதிருக்க எடுத்து வைக்கும் படி

விடை தருக

1. இயங்குதளம் நிலைய அதிகாரியுடன் ஏன் ஒப்பிடப்படுகிறது?
2. பழைய தமிழ்க் கோப்புகளுடன் எழுத்துருக்களையும் நகலெடுக்க வேண்டியது ஏன்?
3. புதிய விண்டோஸை ஏற்காத கணினியை எவ்வாறு பயன்படுத்தலாம்?

செயல்பாடு

உங்கள் வீட்டுக் கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள, இழக்கக் கூடாத ஐந்து கோப்புகளைப் பெற்றோரிடம் கேட்டுப் பட்டியலிடுக. அவற்றிற்குக் காப்பு நகல் உண்டா எனப் பார்த்து எழுதுக.