கடன் கொடுத்த குருவையே கவிழ்த்த பீங்கான் தொழிலாளி!

இங்கிலாந்தில் உள்ள ஸ்டோக்-ஆன்-டிரென்ட், பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே கழிவறைச் சங்கிலிக்கு பீங்கான் கைப்பிடி செய்யும் வேலை பார்த்தவர் பில் டெய்லர். 26-வது பிறந்த நாளுக்கு மனைவி வாங்கிக் கொடுத்த டார்ட்ஸ் அம்புகள் அவர் தலையெழுத்தையே மாற்றிவிட்டன.

அதே ஊரில் 'பப்' நடத்தி வந்தார் எரிக் பிரிஸ்டோ. 5 முறை டார்ட்ஸ் உலக சாம்பியன். டெய்லரின் கை வேகத்தைப் பார்த்தவர், வேலையை விட்டுட்டு முழுநேரமும் ஆடணும் என்ற நிபந்தனையோடு கடன் கொடுத்தார். குடும்பஸ்தனுக்கு இது பெரிய சூதாட்டம் தான்!

அம்பு எறியறதில் என்ன கஷ்டம்னு நினைக்காதீங்க. ஏறத்தாழ 7¾ அடி தள்ளி நின்று எறியணும். 501-ல் தொடங்கி, எடுக்கும் புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து சரியாக பூஜ்யத்தில் முடிக்கணும். கடைசி அம்பு, பலகையின் ஓரத்தில் இருக்கும் ஒல்லியான 'டபுள்' கட்டத்திலோ, பலகையின் நட்டநடு வட்டத்திலோ குத்தணும். ஒரு புள்ளி கூடினாலும் அந்த முறை எறிந்த எதுவும் செல்லாது.

1990 உலகப் போட்டியில் டெய்லரை யாரும் கண்டுகொள்ளவில்லை. பந்தயக்காரர்கள் 1-க்கு 125 தருவதாகச் சொன்னார்கள். ஆனால் இறுதிப் போட்டி வரை வந்துவிட்டார். எதிரே நின்றது யார் தெரியுமா? கடன் கொடுத்த பிரிஸ்டோவே தான்! குருவாச்சே என்று டெய்லர் தயவு காட்டவில்லை. 6-1 என்று சுருட்டிவிட்டார்.

மொத்தம் 16 உலக பட்டங்கள். 57 வயதில், 2018 ஜனவரி 1-ந் தேதி நடந்த இறுதிப் போட்டியோடு உலகப் போட்டிக்கு விடை கொடுத்தார். அதில் அவரை 7-2 என வீழ்த்திய ராப் கிராஸ், எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். அவருக்கு அதுதான் முதல் உலகப் போட்டி!